ஒத்தக்கடை வீட்டைத் தட்டிப் பாத்துட்டு வந்தேன்

பாண்டி, அப்பா எழுதறேன். உன் லெட்டர் கெடச்சுச்சு. ஒரே பக்கத்துல மூணு எடத்துல "சொகமா இருக்கோம்"னு எழுதியிருக்க. ஒரு தடவ எழுதியிருந்தா நம்பியிருப்பேன். மூணு தடவ எழுதுனதும் உங்கம்மாவக் கூப்பிட்டு, "திருச்சியில என்னமோ நடந்திருக்குடி, பய ரொம்ப அழுத்திச் சொல்றான்"னு சொன்னேன். "புள்ள சொகமா இருக்கறது கூடவா உங்களுக்குச் சந்தேகம்"னு திட்டிட்டுப் போயிட்டா. என்ன செய்யச் சொல்ற? நான் அஞ்சாங்கிளாசோட படிப்பை விட்டு மரக்கடைக்குப் போனவன். மரத்தைத் தூக்கி, அடுக்கி, கடைசியில மரத்தைத் திங்கறது எதுன்னு பாக்கறதே பொழப்பாப் போச்சு. வீடு வாங்கறவுக என்னைக் கூட்டிட்டுப் போவாக. தட்டிப் பாப்பேன், திருப்புளியால குத்திப் பாப்பேன். கரையான் இருக்கா, வண்டு இருக்கான்னு சொல்வேன். இருந்தா மருந்தடிச்சுக் குடுப்பேன். இம்புட்டு வருசம் சந்தேகப்பட்டுச் சோறு தின்னவன்கிட்ட வந்து திடீர்னு நம்புன்னா எப்படிடா நம்புவேன்?

இப்ப விசயத்துக்கு வாரேன். மாத்தலாகி மதுரைக்கே வாரோம்னு எழுதியிருந்த. படிச்சதும் உங்கம்மா மாடி ரூமைத் தொறந்து ஒட்டடை அடிக்க ஆரம்பிச்சுட்டா. அடுத்த வரியிலயே ஒத்தக்கடையில மாமனாரு ஒரு வீடு பாத்து வச்சிருக்காரு, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கிரயம்னு எழுதியிருக்க. வெளக்குமாத்தைக் கீழ வச்சுட்டு, "சரி, அதுவும் நல்லதுதான்"னா. அவ அப்படிச் சொன்ன தினுசை நான் உனக்கு எழுதிக் காட்ட முடியாது. அதுக்குக் கீழ நீ ஒரு உத்தரவு போட்டிருக்க பாரு, அதுதான் பெரிய தமாசு. "அப்பா, நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க. ஆனா மாமா மனசு நோகாமப் பாருங்க. திருப்புளி எல்லாம் கொண்டு போகாதீங்க." ஏண்டா, வைத்தியருகிட்ட, தொடாம நாடி பாருங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு. சரி, பெத்த புள்ள கேட்டுட்டான். திருப்புளியை வீட்டுலயே வச்சுட்டு, குடையை எடுத்துட்டுப் போனேன். குடைக்கு நுனியில இரும்புப் பூண் இருக்கு. அதை நீ வேணாம்னு எழுதலை.

உன் மாமனாரு எதுக்கு என்னைக் கண்டா பயப்படறாருன்னு உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்றேன். ஏன்னா இந்தக் கதைக்கு அதுதான் அடிவேரு. உன் கல்யாணத்தன்னைக்குச் சீர் வரிசை எல்லாம் மண்டபத்துல எறக்கி வச்சாக. பீரோ, கட்டில், பித்தளைச் சாமான், எல்லாம். ஊரே நிக்குது. எல்லாரும் பாத்திரத்தைப் பாக்கறாக, நான் கட்டிலைப் பாக்கறேன். பழக்க தோசம், வெரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினேன். தட்டினது கூடப் பரவாயில்ல. "தேக்குன்னு சொன்னாக, சம்பந்தி தேக்குமரத்துக்கு வேப்பமரம் ஒட்டுப் போட்டிருக்காரு போல"ன்னு சத்தமா சொல்லிச் சிரிச்சேன். மண்டபமே சிரிச்சுச்சு. அந்த மனுசன் மட்டும் சிரிக்கலை. கடைக்காரன் அவரை ஏமாத்தியிருக்கான், அவரு யாரையும் ஏமாத்தலை. பஸ் கம்பெனியில அம்புட்டு வருசம் செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து, டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்ச ஆளு, கட்டில்ல கோட்டை விட்டுட்டாரு. அந்தக் கட்டில்லதான் நீ இன்னும் படுத்திருக்க, அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னையில இருந்து நான் எதைத் தட்டினாலும் அவருக்கு நெஞ்சுல தட்டுற மாதிரி.

பொதன்கிழமை காலையில மேலூர் பஸ் ஏறி ஒத்தக்கடையில எறங்கினேன். ஸ்டாப்புலயே நிக்கறாரு. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில பேனா. ரிட்டயர் ஆகியும் பேனா குத்துறதை விடலை.

"வாங்க சம்பந்தி. டிக்கெட் எடுத்தீங்களா?"

"எடுத்தேன். செக் பண்ணிக்கிறீகளா?"

"வேணாம் வேணாம், நம்பறேன்."

அவரு யாரையும் நம்பி நான் பாத்ததில்லையா, எனக்கு அங்கனயே பொறி தட்டுச்சு. அடுத்தாப்புல குடையைப் பாத்தாரு. "மேகமே இல்லையே சம்பந்தி, குடை எதுக்கு?" "வெயிலுக்கு"ன்னேன். "வெயிலுக்குன்னா விரிக்க வேண்டியதுதானே?" "இன்னும் ஏறட்டும்." ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தரு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே நடந்தோம். மாமனாரு ஊருக்கு நீ வந்து ரொம்ப நாளாச்சு, எடமே மாறிப் போச்சுடா. யானைமலைக்குக் கிட்டக்க வரைக்கும் வீடு ஏறிருச்சு. போன தடவ நான் வந்தப்ப நெல்லு நின்ன வயக்காடு எல்லாம் இப்பக் கல்லு நட்டு மனையா நிக்குது. வயக்காட்டுல வீடு கட்டுனா கரையானுக்கு நாமதான் விருந்தாளி. அது காலங்காலமா மண்ணுக்குள்ள குடித்தனம் பண்ணிட்டு இருக்கு. நம்ம கொத்தனாரு என்ன செய்யறாரு? சென்ட்ரிங் பிரிச்ச ஒட்டுப் பலகை, உடைஞ்ச முளைக்குச்சி எல்லாத்தையும் தரைக்கு அடியில போட்டு மண்ணை ரொப்பிருவாரு. பந்தியும் போட்டு எலையும் விரிச்ச மாதிரி. தின்னு முடிச்சுட்டு அது மேல பாக்கும். மேல உன் நிலைக்கதவு நிக்கும்.

வீட்டுக்காரம்மா பேரு ரெங்கம்மா. புருசன் இல்ல, மகளை வாடிப்பட்டியில கட்டிக் குடுத்திருக்கு, அங்கன போயிரலாம்னு வீட்டை விக்கறாக. வாசல்லயே, "வாங்கண்ணே, உள்ள வாங்க, பெருசா ஒண்ணும் இல்ல, பாருங்க"ன்னாக. இந்தப் "பெருசா ஒண்ணும் இல்ல"ங்கற வார்த்தையை நான் எத்தனை வீட்டுல கேட்டிருக்கேன்! தலைவாசல் நிலையில கையை வச்சேன். சம்பந்தி பின்னாடியே, "பர்மா தேக்கு"ன்னாரு. மதுரையில பர்மா தேக்குன்னு சொல்ற மரத்தை எல்லாம் ஒண்ணாச் சேத்தா பர்மாவுல பொட்டல்தான் மிஞ்சியிருக்கும். ஆனாலும் மரம் நல்ல மரம், கோங்கு. குடைப் பூணால மேல இருந்து கீழ வரைக்கும் மெதுவாத் தட்டினேன். டங்கு டங்குன்னு கெட்டியாப் பேசுச்சு. ஒவ்வொரு தட்டுக்கும் சம்பந்தி கண்ணைச் சிமிட்டுறாரு.

ஹாலுக்குள்ள போனோம். இங்க உனக்கு ஒண்ணு சொல்லணும், நீ எந்த வீட்டுக்குப் போனாலும் ஒதவும். அழுக்கா இருக்கற சுவத்தைக் கண்டு பயப்படாத. அழுக்குச் சுவரு எதையும் ஒளிக்காது. சுத்தமா இருக்கறதைத்தான் பாக்கணும். நீ சின்னப் புள்ளையில அடுக்களையில வெல்லத்தைத் திருடித் தின்னுட்டு வாயைத் தொடச்சுட்டு வந்து நிப்ப. மத்த நேரமெல்லாம் மூக்கொழுகி நிக்கற பய, அன்னைக்கு மட்டும் மூஞ்சி கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். உங்கம்மா உடனே டப்பாவைத் தொறந்து பாப்பா. அதே கணக்குத்தான். ஒரு வீட்டுல ஒரு சன்னலுக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடிச்சிருந்தா, அந்தச் சன்னல் வெல்லம் தின்னிருக்குன்னு அர்த்தம். ஒரு வக்கீலு வீட்டுல காலண்டரை முழங்கா ஒசரத்துல மாட்டியிருந்தாக. ஏன் சார்னா, கொழந்தைக பாக்கறதுக்குங்கறாரு. எடுத்துப் பாத்தா சுவரு பூராம் கரையான் கட்டுன மண்ணுக் கோடு.

இந்த வீட்டுலயும் காலண்டர் இருந்துச்சு. ஆசையா எடுத்துப் பாத்தேன். ஆணியடிச்ச ஓட்டை தவிர ஒண்ணுமில்ல. ரெங்கம்மா, "நல்ல நாள் பாக்கறீகளா அண்ணே?"ன்னு கேட்டாக. "ஆமாம்மா, நாள் நல்லாத்தான் இருக்கு"ன்னு திருப்பி மாட்டினேன். சம்பந்திக்கு ஒதட்டோரத்துல சிரிப்பு வந்துச்சு. எனக்கு மானம் போச்சு. அடுக்களைக்குப் போனேன். கதவு கெட்டி. பாத்ரூம் கதவுக்கு அடிப்பக்கம் ஊறியிருக்கு, அது தண்ணி பட்டு இத்துப் போனது, பூச்சி இல்ல. ரெண்டு படுக்கை ரூமும் பாத்தேன், பழுதில்ல. ஆனா ஒண்ணு கவனிச்சேன். மனுசன் எனக்கு ஒரு அடி முன்னாடியே போறாரு. பஸ்ல முன்வாசல்ல ஏறிப் பின்னாடி வர்ற செக்கிங் மாதிரி, நான் எங்க திரும்புறேனோ அங்க அவரு ஏற்கெனவே நிக்கறாரு. கடைசியா பின்கட்டுல ஒரு கதவு. பூட்டியிருக்கு. அதுக்கு முன்னாடி குறுக்காப் போய் நின்னுக்கிட்டாரு.

"இது என்ன ரூமு?"

"சும்மா சாமான் ரூமு. சாவி வாடிப்பட்டியில மக கிட்ட இருக்காம்."

"சாமானை இங்க வச்சுட்டுச் சாவியை வாடிப்பட்டியில வச்சிருக்காகளா?"

"என்னத்த இருக்கப் போகுது சம்பந்தி, வாங்க மோர் குடிப்போம்."

நான் கீழ குனிஞ்சேன். அந்தக் கதவு நிலையை ஒட்டித் தரையில கோலம் போட்டிருக்கு. வாசல்ல போட்டாச் சரி. சாமி ரூமுல போட்டாச் சரி. சாமான் ரூமுக்கு, அதுவும் பூட்டுன ரூமுக்கு எவ கோலம் போடுவா? கோலமாவது நல்லா இருக்கான்னா அதுவும் இல்ல. புள்ளி ஒரு பக்கம் நிக்குது, இழை ஒரு பக்கம் போகுது. நான் முட்டி வலிக்குதுன்னு சொல்லி அங்கனயே தரையில உக்காந்துட்டேன். உக்காந்து பாத்தா கோலத்து இழையில எறும்பு சாரை சாரையா வந்து அரிசி மாவை மொய்க்குது. நிலைக்காலு ஓரமா அதே வெள்ளையில குமிஞ்சு கெடக்கற மாவை மட்டும் ஒரு எறும்பு கூடத் தொடலை. சுத்திக்கிட்டுப் போகுது. ஒரு சிட்டிகை எடுத்து வெரல்ல தேச்சேன். பவுடர் மாதிரி நைஸா இருக்கு. அரிசி மாவுன்னா நெருடும். அது மரமாவு. நிலைக்குள்ள வண்டு இருந்துக்கிட்டு ஊசி ஓட்டை போட்டு வெளிய தள்ளுற மாவு. தினம் கூட்டினாலும் மறுநாள் கொட்டும். கூட்டி மாளாதுன்னு தெரிஞ்சவன் அது மேல கோலத்தைப் போட்டுட்டான். இம்புட்டு வருசத்துல பீரோவை வச்சு மறைச்சவனைப் பாத்திருக்கேன், சாமி படத்தை வச்சு மறைச்சவனைப் பாத்திருக்கேன். கோலம் போட்டு மறைச்சதை இன்னைக்குத்தான் பாக்கறேன். உள்ளுக்குள்ள எனக்கு அம்புட்டு சந்தோசம். மாட்டினாய்யா மாட்டினான்னு.

ரெங்கம்மாதான் திருடின்னு முடிவே பண்ணிட்டேன். அவுக மோர்ச் செம்போட வந்தாக. என்னைத் தரையில பாத்தாக, பூட்டைப் பாத்தாக. "என்னண்ணே, இந்த ரூமைத் தொறந்து காட்டலையா?"ன்னு சம்பந்தியைக் கேட்டாக. "கரையான் இருக்கறது இதுலதானே. மொத நாளே சொன்னேனே. உங்க சம்பந்தி இதுலயே ஊறினவரு, அவருக்கிட்டக் காட்டி விலையைப் பேசிக்கங்கன்னு சாவியை உங்க கையில குடுத்தேனே." "இந்தக் கோலம்?"னு கேட்டேன். "அதுவா, காலையில இவரு வீட்டம்மா வந்து போட்டுட்டுப் போனாக. மக புது வீட்டுக்கு வரப்போகுதுல்ல, ஆசையில போடறாகன்னு நெனச்சேன்."

சம்பந்தி சட்டைப் பையில கையை விட்டாரு. பேனாவுக்குப் பின்னாடி இருந்து சாவி வந்துச்சு. என் மூஞ்சியைப் பாக்காமத் தொறந்தாரு. உள்ள போனா, பாண்டி, சன்னல் நிலையில வெரலை வச்சேன், அப்பளத்துல வச்ச மாதிரி உள்ள போயிருச்சு. மூலையில இருந்து பரண் பலகை வரைக்கும் மண்ணுக் கோடு ரோடு போட்டிருக்கு. கரையான் ஒரு பக்கம், வண்டு ஒரு பக்கம், ஆளுக்கொரு மரமாப் பிரிச்சு எடுத்திருக்குக. எனக்கு வாயில ஒரு நக்கல் வந்து நுனி நாக்குல நிக்குது. கட்டிலை விட நல்ல நக்கல். திரும்பிப் பாத்தா அந்த ஆளு நிலைப்படியில உக்காந்துட்டாரு.

"சொல்லுங்க சம்பந்தி. மண்டபத்துல சொன்ன மாதிரி சொல்லுங்க. வேற ஆளு யாரும் இல்ல, ரெங்கம்மா மட்டும்தான்."

"எதுக்கு மறைச்சீங்க? வீடு விக்கறவுகளே சொல்லிட்டாக. வாங்கறவன் மாமனாரு நீங்க, நீங்க எதுக்கு மறைக்கணும்?"

"நீங்க பாத்தா வேணாம்பீங்க. மாப்ள உங்க பேச்சைக் கேப்பாரு. எம் மக செல்வி பக்கத்துத் தெருவுல இருக்கட்டும்னு நெனச்சேன். அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான்னாரு. நான் எந்த வீட்டுலயும் "அம்புட்டுத்தான்"னு சொன்னதோட நிறுத்தினது இல்ல. மக பக்கத்துல இருக்கணும்னு எல்லாத் தகப்பனும்தான் நெனப்பான். அதுக்காக ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டரு பொய் சொல்லி, சாவியை ஒளிச்சு, பொண்டாட்டியைக் கோலம் போடச் சொல்லுவாரா? அதுக்கும் மேல அந்தக் கோலம் என் மனசுல உறுத்துது. உன் கல்யாணத்துல மண்டபத்து வாசலை அடைச்சு ஒரு கோலம் போட்டுச்சே அந்தம்மா, உங்கம்மா இன்னைக்கும் சொல்லிக் காட்டுவா, ஒரு இழை தப்பலைன்னு. அந்தக் கை போட்ட கோலமா இது?

சாப்பாட்டுக்கு அவரு வீட்டுக்குப் போனோம். "வாங்கண்ணே"ன்னு அந்தம்மா கதவைப் பிடிச்சுக்கிட்டே கூப்பிட்டாக. எலை போட்டாக. சோறு வச்சாக, கத்திரிக்காக் கொழம்பு, சிரிச்ச மொகம், எந்தக் குறையும் இல்ல. ஆனா நான் பாத்துக்கிட்டே இருந்தேன். கொழம்பு ஊத்தறதுக்கு முன்னாடி எலையோட ஓரத்தை ஒரு வெரலால தொட்டுக்கிறாக. அப்பறம்தான் கரண்டி வருது. என்னைப் பாத்துப் பேசறாக, ஆனா பார்வை என் காதுக்குப் பக்கத்துல போகுது. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சத்தமில்லாம என் டம்ளரை எடுத்து ஒரு சாண் தள்ளி வச்சேன். சுவத்தைத் தட்டிப் பாக்கற மாதிரித்தான், வேற நெனப்பு எதுவும் இல்ல. அந்தம்மா சொம்போட வந்தாக. "தண்ணி ஊத்தறேண்ணே"ன்னு டம்ளர் முன்ன இருந்த எடத்துல நிதானமா ஊத்தினாக. தண்ணி தரையில ஓடி என் வேட்டியில ஏறிச்சு. சத்தம் கேட்டதும் அவுக கை நின்னுருச்சு.

சம்பந்தி எந்திரிச்சு வந்து தோள்ல இருந்த துண்டை எடுத்து அவரே தரையைத் தொடச்சாரு. தொடச்சுக்கிட்டே என்னைப் பாத்தாரு. டம்ளரைத் தள்ளி வச்சதை அவரு பாத்திருக்காரு. அந்தம்மா உள்ள போனப்பறம்தான், "இவளுக்குச் சக்கரை. ஒரு கண்ணு சுத்தமாப் போச்சு. இன்னொண்ணுல நெழலாட்டம் தெரியுது. டாக்டரு இதுக்கு மேல பார்வை வராதுன்னுட்டாரு. செல்விக்குத் தெரியாது. சொன்னா கொழந்தையைத் தூக்கிட்டு ஓடியாந்துருவா, மாப்ளைக்குச் சோத்துக்கு என்ன வழின்னு கேட்டு, இவதான் சொல்லக்கூடாதுங்கறா. பக்கத்துல வீடு இருந்தா, வந்து போக இருந்தா, மெதுவாத் தானாத் தெரிஞ்சுக்கட்டும்னு நெனச்சோம்"னாரு. அப்பறம், "செல்விகிட்டச் சொல்லிராதீக சம்பந்தி"ன்னு கையைப் பிடிச்சாரு. செல்விகிட்டச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன். உன்கிட்டச் சொல்ல மாட்டேன்னு குடுக்கலை. அவரு கேக்கலை, நானும் ஞாபகப்படுத்தலை.

திரும்பி வரும்போது பஸ்ல உக்காந்து உனக்கு எழுதப் போற லெட்டரை மனசுக்குள்ள எழுதினேன். அதை மறைக்காமச் சொல்லிடறேன். "வீடு பூராம் அரிச்சுப் போச்சு, தொட்டா உதிருது, வேணாம்டா." அம்புட்டுத்தான், ரெண்டு வரி. நீ நம்பியிருப்ப. கரையான் விசயத்துல என் பேச்சை யாரு மறுத்திருக்கா? அப்படி எழுதினா நீ இங்க வருவ, மாடி ரூமுல இருப்ப, பாப்பா எங்க மடியில வளரும். வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் அந்த லெட்டரு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. உங்கம்மா கேட்டா, "என்ன எழுதப் போறீக?" "உள்ளதைத்தான்." "உள்ளதுன்னா எது? வீட்டுல உள்ளதா, உங்க மனசுல உள்ளதா?" பாத்தியா, அந்த மண்டபத்துல நான் கட்டிலைத் தட்டினேன், இவ என்னைத் தட்டுறா. டம்ளரு விசயத்தைச் சொன்னேன். "சின்னப் புள்ளைக கூட அப்படிச் செய்யாது"ன்னா. அப்பறம், "செல்வி அவ ஆத்தாகிட்டயே இருக்கட்டும்"னுட்டு மாடி ரூமைப் பூட்டிட்டு வந்தா.

அதனால வீட்டைப் பத்தி உள்ளதை எழுதறேன், கேட்டுக்க. அது கான்கிரீட்டு மேல்தளம், கரையான் திங்க மேல ஒரு மரமும் இல்ல. தலைவாசல் கெட்டி. கெட்டது அந்தச் சாமான் ரூமுல மட்டும்தான். சன்னலு, கதவு, நிலை, பரண் பலகை, எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சு வெளிய கொண்டு போய்க் கொளுத்தணும், தெருவுல போடக்கூடாது. தரையோரம் சுத்தி ஓட்டை போட்டு நான் மருந்து விடறேன். சன்னலுக்கு இரும்பு வச்சிரு, கதவுக்கு மரம் நானே மரக்கடையில நின்னு எடுத்துத் தாரேன். கிரயத்தன்னைக்கு அந்த ரூமை ரெங்கம்மாவை விட்டே தொறந்து நீயும் ஒரு தடவ பாத்துரு. நான் சொல்றேன்னு நம்பாத. உன் மாமனாருக்கு மக பக்கத்துல வேணும், அவரு கதவைப் பூட்டினாரு. எனக்கு நீ பக்கத்துல வேணும், நான் லெட்டரையே மாத்தி எழுதப் பாத்தேன். ரெண்டு கெழடுகளும் ஒரே மரத்துல உள்ள வண்டுதான். நீ உன் கையால திருப்புளியை வச்சு ஒரு குத்துக் குத்திப் பாத்து, அப்பறம் கையெழுத்தைப் போடு. வாங்குடா. வீடு வாங்கலாம்.

செல்விகிட்ட நீ எப்படிச் சொல்லணும்னா, நான் சொன்னேன்னு சொல்லாத. வந்து எறங்கினதும் ஆத்தா வீட்டுல சாப்பிடப் போவீக. பக்கத்துல உக்காந்து, "ஒங்கம்மா எலையைத் தொட்டுப் பாத்துப் பரிமாறுறாகளே"ன்னு நீயாக் கண்டுபிடிச்ச மாதிரி மெதுவாச் சொல்லு. உன் மாமனாரு என்னைத்தான் மொறைப்பாரு. மொறைக்கட்டும், எனக்குப் பழக்கம்தான். ஆனா நீ டம்ளரை மட்டும் நகத்தாத. வச்ச எடத்துலயே இருக்கட்டும். அந்த வீட்டுல நாக்காலி, சொம்பு, செருப்பு எதையும் எடம் மாத்தாம இருக்கப் பழகிக்க. பாப்பாவுக்கும் சொல்லிக் குடு.

இன்னொண்ணு. மருந்து அடிச்சாலும் கரையான் லேசுல விடாது, திரும்பத் திரும்ப வரும். ஒரு தடவ வந்த எடத்தை அப்பப்ப ஒரு ஆளு வந்து தட்டிப் பாக்கணும், அது தொழில் முறை. மாசத்துக்கு ஒரு வாட்டின்னு வச்சுக்கலாம், ஞாயித்துக்கிழமையா இருந்தா நல்லது, கறி எடுப்பீக. வரும்போது உங்கம்மாவையும் கூட்டிட்டு வாரேன், டார்ச் லைட் பிடிக்க ஒரு ஆளு வேணும்ல. அந்த ரூமுல ஒரு சின்ன மண்ணுக் கோடு தெரிஞ்சாலும் ஒடனே எனக்கு ஒரு கார்டு போடு. ஒண்ணுமே தெரியலைன்னாலும், தெரியுதுன்னு போடு. அந்தக் கார்டை மட்டும் நான் சந்தேகப்படாமப் படிச்சுட்டு, அடுத்த பஸ்ஸுல ஏறிருவேன்.

அப்பா